பழைய சைக்கிளுக்குப் புதிய ஆசனம்

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்துக்குப் பிழைப்பு நாடிச் செல்லும் நம்மவர், போன இடத்தில் முதலில் தேடுவது குடியிருக்க ஓர் அறை. அடுத்துத் தேடுவது வேலைக்குப் போய்வர ஒரு வாகனம். கையில் பணம் மிகுதியாக இல்லாதவர் பழைய சைக்கிள் ஒன்றை வாங்குகிறார். மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறவர் விற்றுச் சென்றதாக அது இருக்கலாம். பழுது பார்க்கும் கடையின் வாசலில் விலைக்கு நிறுத்தப்பட்டிருந்ததாகவும் இருக்கலாம். வாங்குகிறவர் சக்கரம் கோணாமல் சுழல்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, மணி ஒலிக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார். அந்தச் சைக்கிளின் ஆசனம் யாருடைய காலின் நீளத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. இன்றைய பேச்சு அந்த ஆசனத்தையும், அதைத் தாங்கி நிற்கும் தண்டையும் பற்றியது. ஆசனத்தைக் கடைக்காரர்கள் 'சீட்' என்றும், தண்டைச் 'சீட் பில்லர்' என்றும் கூறுவர். நானும் அவ்வாறே கூறுகிறேன்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நூறு குடும்பங்களில் ஏறக்குறைய 45 குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. புதுப்புது வகைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆயினும், கறுப்பு நிறமும் கனத்த உடலும் நேரான ஹேண்டில்பாரும் கொண்ட பழைய வண்டிகள் இன்றும் நகரத் தெருக்களில் பால் பாத்திரங்களையும் துணி மூட்டைகளையும் சுமந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்னையில் 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ், இன்று அரியானாவில் உள்ள சோனிப்பட்டில் 1951-இல் தோன்றிய அட்லாஸ், பஞ்சாபின் லூதியானாவில் 1956-இல் தோன்றிய ஹீரோ ஆகிய தொழிற்சாலைகள் இவ்வகை வண்டிகளை நாடெங்கும் பரப்பின. இவற்றின் மூல உருவம் ஆங்கில நாட்டு 'ரோட்ஸ்டர்' வண்டியே. ஆகையால் ஒரு தொழிற்சாலையின் உதிரிப் பாகம் மற்றொரு தொழிற்சாலையின் வண்டிக்கும் பல சமயங்களில் பொருந்திவிடுகிறது. சென்னையில் செய்த வண்டியைப் பாட்னாவிலும் பழுது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சீட் பில்லரைப் பொறுத்தவரையில், 'ஏறக்குறையப் பொருந்தும்' என்பது போதாது. ஏன் போதாது என்பதை விளக்குவதே என் நோக்கம்.

முதலில், இந்த மாற்றம் எதற்காக என்பதைப் பார்ப்போம். சைக்கிளின் பிரேம் அளவை நாம் மாற்ற இயலாது. சக்கரத்தின் அளவையும் மாற்ற இயலாது. ஏறி அமர்கிறவருடைய உடலுக்கு ஏற்ப எளிதில் மாற்றக்கூடிய உறுப்புகள் இரண்டே: ஒன்று ஹேண்டில்பார், மற்றொன்று ஆசனம். இவ்விரண்டிலும் ஆசனமே முதன்மையானது. அது தாழ்ந்திருந்தால், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. முழங்கால் சில்லின் பின்புறத்தில் அழுத்தம் மிகுகிறது. அது மிக உயர்ந்திருந்தால், காலை எட்டவிடுவதற்காக இடுப்பு இருபுறமும் அசைகிறது. முழங்காலின் பின்பகுதியில் வலி தோன்றுகிறது. நாள்தோறும் போக ஐந்து மைல், வர ஐந்து மைல் மிதிக்கும் ஒருவருக்கு இது சிறு விஷயம் அன்று. மாலையில் அறைக்குத் திரும்பி, மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர், 'வயதாகிவிட்டது' என்று எண்ணி ஆறுதல் கொள்கிறார். வயது காரணமாக இராது. இரண்டு அங்குலம் குட்டையான முந்தைய உரிமையாளர் காரணமாக இருக்கலாம்! ஆசனத்தை உயர்த்தலாம் என்று பார்த்தால், பில்லர் துருப்பிடித்து இறுகி நிற்கிறது. அல்லது மேலும் உயர்த்த இயலாதபடி குட்டையாக இருக்கிறது. ஆகவே மாற்ற வேண்டியதாகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஓர் அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெடல்களைத் தாங்கும் அச்சின் நடுவிலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு வரையில், பில்லரை ஒட்டி அளந்த நீளம் அது. புதிய ஆசனத்தைப் பொருத்தும்போது, பழைய நிலையிலிருந்து எவ்வளவு உயர்த்தினோம், எவ்வளவு தாழ்த்தினோம் என்பதை அறிய இந்த ஓர் எண் போதும்.

இனிப் பழைய பில்லரைக் கழற்றுவோம். பிரேமில் ஆசனத்துக்குக் கீழே, பில்லர் உள்ளே நுழையும் இடத்தில், குழாயின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு பிளவு உண்டு. பிளவின் இருபுறமும் காதுகள் போன்ற இரு பகுதிகள் உள்ளன. அவற்றின் ஊடே ஒரு போல்ட் செல்கிறது. போல்ட்டை இறுக்கினால் பிளவு சற்று நெருங்கி, குழாய் பில்லரைக் கவ்விக்கொள்கிறது. பில்லரை நிறுத்தி வைக்கும் வித்தை இவ்வளவே. நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானரைக் கொண்டு இதைத் தளர்த்த வேண்டும். குறடு கொண்டு பிடித்துத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிப் பின்னர் எந்தக் கருவிக்கும் அது அடங்காது. மற்றோர் எச்சரிக்கை: சில பழைய வண்டிகளில் பின்சக்கரத்திலிருந்து மேலேறி வரும் இரு கம்பிகளின் தலைமுனைகளும் இதே போல்ட்டில்தான் பூட்டப்பட்டிருக்கும். ஆகையால் போல்ட்டைத் தளர்த்தினால் போதும். காரணமின்றி முழுவதும் உருவிவிட வேண்டாம்.

தளர்த்திய பின், ஆசனத்தின் மூக்கையும் பின்பகுதியையும் இரு கைகளாலும் பற்றி, இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். பில்லர் அசைந்தால் நற்பேறு. அசையாவிட்டால் சுத்தியலைத் தேட வேண்டாம், பொறுமையைத் தேடுங்கள். பில்லரும் குழாயும் சந்திக்கும் விளிம்பிலும் பிளவிலும் துருநீக்கும் எண்ணெய் சில துளிகள் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் மீண்டும் சில துளிகள் விட்டு, மீண்டும் திருப்பிப் பாருங்கள். துருவுக்குள் எண்ணெய் ஊறி இறங்குவதற்கு நேரம் தேவை. பல ஆண்டுகள் இறுகியது சில நிமிடங்களில் இளகாது. இரண்டு மூன்று நாள் கழிந்தும் அசையாவிட்டால், பட்டறைக்குக் கொண்டு செல்வதே முறை. அங்கே பில்லரின் தலையை வைஸில் இறுக்கிவிட்டு, சைக்கிளையே நெம்புகோலாக வைத்துத் திருப்புவர்; தேவையானால் குழாயைச் சூடேற்றி விரியச் செய்வர். எண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்புக் காட்டுவது ஆபத்தான செயல். அனுபவம் இல்லாதவர் குடியிருப்பு அறையில் அதைச் செய்யலாகாது.

பழைய பில்லர் வெளியே வந்தபின், அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். புதியது வாங்குவதற்கு அதுவே நம் சாட்சி. பில்லர்கள் ஒரே பருமனுள்ளவை அல்ல. பழைய ரோட்ஸ்டர் வகைகளில் ஓர் அங்குலக் குறுக்களவு, அதாவது 25.4 மில்லிமீட்டர், பல இடங்களில் காணப்படும். மற்ற வண்டிகளில் 25.8, 26.0, 26.2, 26.4 என்று 27.2-க்கு மேலும் அளவுகள் உண்டு. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். கண்ணால் இதைக் காண இயலாது. கையால் உணரவும் இயலாது. ஆனால் வண்டியின் பிரேம் அதை உணரும்.

எவ்வாறு என்று கேட்பீர்கள். சற்றே மெல்லிய பில்லரை வாங்கி விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கவ்வுவதற்காகப் போல்ட்டை இறுக்குகிறோம். பிளவு நெருங்குகிறது, பிடிப்பு உண்டாகவில்லை. இன்னும் இறுக்குகிறோம். இரு காதுகளும் ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன; பிளவின் மேல்முனை மூடிக்கொள்கிறது. அப்போதும் குழாய் பில்லரை மேல்விளிம்பில் மட்டுமே பற்றுகிறது. கீழே இடைவெளி இருக்கிறது. ஏறி அமர்ந்து மேடுபள்ளங்களில் செல்லும்போது பில்லர் உள்ளே முன்னும் பின்னும் அசைகிறது. நாளடைவில் காதின் அடியிலோ, பிளவு முடியும் இடத்திலோ மயிரிழை போன்ற விரிசல் தோன்றுகிறது. கடைத்தெருவில் சிலர் டப்பாத் தகடு ஒன்றை வெட்டிப் பில்லரைச் சுற்றி அடைத்துத் தருவர். அது அன்றைய மாலைக்கு உதவும். நகர்ந்து கசங்கி, அடுத்த மாதத்துக்கு உதவாது. சரியான அளவுக்கு அடையாளம் இது: பில்லர் கையால் அழுத்தினாலே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும்; ஆனால் ஆடக்கூடாது. போல்ட்டை இறுக்கிய பின்னும் பிளவின் இரு ஓரங்களும் ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும்.

அளவை அறிய மூன்று வழிகள் உள்ளன. பில்லரின் அடிப்பகுதியில் எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று துருவைத் துடைத்துப் பார்ப்பது முதல் வழி. கடைக்காரரிடம் உள்ள வெர்னியர் அளவுகோலால் அளக்கச் சொல்வது இரண்டாவது. இரண்டும் வாய்க்காவிட்டால், நீண்ட காகிதத் துண்டு ஒன்றைப் பில்லரின் மேல் இறுகச் சுற்றி, முனை சேரும் இடத்தைக் கூரிய பென்சிலால் குறித்து, விரித்து அளந்து, 3.14-ஆல் வகுக்கலாம். சுற்றளவு 79.8 மில்லிமீட்டர் வந்தால் குறுக்களவு 25.4, 81.7 வந்தால் 26.0. பள்ளியில் வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டுச் சலித்துப் போனவர்களுக்கு, அக்கணக்கு இங்கே கைகொடுக்கிறது. ஆயினும் இங்கே ஓர் ஐயத்துக்கு இடம் உண்டு. பழைய பில்லரே தவறான அளவாக இருக்கலாம் அல்லவா? தகடு சுற்றியிருந்தாலும், காதுகள் வளைந்திருந்தாலும், அதை நம்ப வேண்டாம். வளைந்த காதுகளைப் பட்டறையில் நிமிர்த்தச் செய்து, பிரேமின் குழாய் உள்வாயை அளந்து வாங்குவதே நல்லது.

கடையில் கேட்கும்போது சொல் ஒன்றும் தேவைப்படுகிறது. தமிழ் வழங்காத ஊரில் பொருளின் பெயர் தெரியாமல் கையால் சைகை காட்டி நிற்பது நம்மவர் பலர் அறிந்த சங்கடம். இந்தி வழங்கும் ஊர்களில் சைக்கிளின் ஆசனத்தைக் 'கத்தி' என்பர். நம் எழுத்தில் எழுதினால் காய் நறுக்கும் கத்தி போலத் தோன்றுகிறது. முதலெழுத்தைக் கங்கை என்னும் பெயரை வடநாட்டார் ஒலிப்பது போலவும், பின்னெழுத்துகளைப் 'பந்தி' என்பதில் வரும் 'தி' போலவும் மெலிந்து ஒலிக்க வேண்டும். வணிகர் கடையில் அமரும் மெத்தைக்கும், அரசர் ஏறும் அரியணைக்கும் அங்கே அதுவே பெயர். ஸ்பானரைப் 'பானா' என்பர். பில்லருக்குப் பில்லர் என்றாலே போதும். தில்லியில் இருப்பவர்களுக்கு ஜண்டேவாலான் சைக்கிள் சந்தை எளிதில் கிடைக்கும் இடம். எந்த ஊரிலும், பழைய பில்லரைக் கையோடு கொண்டுபோய் மேசைமேல் வைப்பது எல்லா மொழியிலும் விளங்கும் பேச்சு.

புதிய பில்லரின் நீளத்தையும் பாருங்கள். பிரேமுக்குள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு இக்காலப் பில்லர்களில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக்கூடாது. கோடு இல்லாத பழைய வகையில், குறைந்தது இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். குறுக்கே வரும் பார் குழாயோடு சேரும் மூட்டுக்கும் கீழே பில்லரின் அடி இறங்கியிருப்பது மேலும் நன்று. உயரமானவர், குட்டைப் பில்லரை விளிம்பு வரை இழுத்து வைத்து ஓட்டுவது பெருந்தவறு. பில்லர் வளையலாம், பிரேம் பிளக்கலாம், ஓட்டுபவர் பேருந்தின் முன்னால் விழலாம். நீளமான பில்லரை வாங்குவதற்கு ஆகும் செலவு, இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு செலவே அன்று.

இனி ஆசனத்துக்கு வருவோம். சைக்கிள் ஆசனக் கலை, குதிரைச் சேணத் தொழிலின் வழிவந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1866-இல் சேணத் தோல் பொருள்கள் செய்யத் தொடங்கிய ஜான் போல்ட்பி புரூக்ஸ் என்பவர், 1882-இல் சைக்கிளுக்கான தோல் ஆசனத்துக்கு உரிமைப் பதிவு பெற்றார். கெட்டித் தோலை இரு முனைகளுக்கு இடையே தொட்டில் போல இழுத்துக் கட்டும் அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. அத்தகைய தோல் ஆசனம் அமர்பவரின் உடலுக்கு ஏற்ப நாளடைவில் படிந்து கொள்ளும். ஆனால் மழையில் நனைந்தபடியே ஓட்டினால் தொய்ந்து போகும். மும்பையில் சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் அதற்கு உறை இன்றியமையாதது. தில்லியின் கோடையில் வெயிலில் நிறுத்தினால் தோல் வறண்டு வெடிக்கும். கவனிக்க நேரமில்லாதவர்க்கு, பஞ்சின்மேல் ரெக்சின் போர்த்திய ஆசனமே ஏற்றது.

எந்த வகையாயினும் அகலத்தைப் பார்க்க வேண்டும். அமரும்போது நம் உடலின் பாரத்தை இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள் தாங்க வேண்டும். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் ரோட்ஸ்டருக்கு அகன்ற, சுருள்வில் உள்ள ஆசனம் பொருந்தும். குனிந்து விரைந்து செல்லும் பந்தய வண்டியின் குறுகிய ஆசனத்தை அழகுக்காக இதில் பூட்டினால், பாரம் முழுவதும் ஒரு சிறு பரப்பில் இறங்கி வேதனை தரும். மெத்தை மிகவும் மென்மையாக இருப்பதும் நன்மை அன்று. எலும்பு அதில் புதைந்து, மெல்லிய தசைகள் நசுங்கும்.

ஆசனத்தைப் பில்லரோடு இணைப்பது 'கிளிப்'. சாதாரணப் பில்லரின் தலைப்பகுதி மெலிந்து, முக்கால் அங்குலத்துக்குச் சற்று மிகுதியாக, அதாவது எட்டில் ஏழு பங்கு அங்குலமாக இருக்கும். கிளிப் அதைக் கவ்வுகிறது. பில்லரின் அடிப்பருமன் எவ்வளவாயினும் தலையின் பருமன் பெரும்பாலும் இதுவே. ஆசனத்தை அடியோடு மாற்றும்போது, புதிய ஆசனத்தோடு அதற்குரிய கிளிப்பும் வருகிறதா என்று கேளுங்கள். ஒற்றைக் கம்பி ஆசனத்துக்கும் இரட்டைக் கம்பி ஆசனத்துக்கும் கிளிப் வேறு.

பொருத்துமுன், குழாயின் உள்ளே கந்தல் துணியைக் குச்சியில் சுற்றி நுழைத்துத் துருவை அகற்றுங்கள். பின், பில்லரின் மேல் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். 'கிரீஸ் தடவினால் வழுக்காதா?' என்று ஐயுறுவார் உளர். அளவு சரியாக இருந்தால் வழுக்காது. கிரீஸின் பணி நீரைத் தடுப்பது. நீர் புகுந்தால் துரு. துருப்பிடித்தால் மறுபடியும் முன்சொன்ன போராட்டம். அலுமினியக் கலவையால் ஆன பில்லரை இரும்புப் பிரேமில் வைப்பவர்க்கு இது மேலும் முக்கியம். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். கடற்காற்று வீசும் ஊரில் உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் பில்லரை வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் கிரீஸ் இட்டு வைப்பது நலம்.

இப்போது உயரம். வழக்கமாக அணியும் செருப்பை அணிந்துகொள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஆசனத்தில் அமருங்கள். ஒரு பெடலைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டு நிற்குமாயின் உயரம் சரி. பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அதுவே வேண்டுவது. இரு பாதங்களும் தரையில் முழுவதும் படிய வேண்டும் என்று ஆசனத்தைத் தாழ்த்தி வைப்பவர் பலர். நெரிசல் மிகுந்த தெருவில் அது அச்சத்தைப் போக்கும் என்பது உண்மையே. அத்தகையோர் ஒரே நாளில் உயர்த்த வேண்டியதில்லை. வாரத்துக்குக் கால் அங்குலம் வீதம் உயர்த்தினால் உடலும் பழகும், மனமும் பழகும்.

ஆசனத்தின் மேற்பரப்பு தரைக்கு இணையாக இருக்கட்டும். மூக்கு மேல்நோக்கினால் உடலின் மெல்லிய பகுதி நசுங்கும். கீழ்நோக்கினால் உடல் முன்னே வழுகி, பாரம் முழுவதும் கைகளில் விழும். கிளிப்பின் இருபுற நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். அதில் உள்ள பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். படியாமல் இறுக்கினால் பற்கள் தேய்ந்து, ஆசனம் திடீரெனச் சாயும். முடிவில், ஆசனத்தின் மூக்கைப் பிடித்துப் பலமாகத் திருப்பிச் சோதியுங்கள். அசையாவிட்டால் ஏறிச் செல்லலாம். மூன்று நான்கு நாள் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை மீண்டும் இறுக்குவது அவசியம்.

ஓர் அறையில் மூவர் நால்வர் தங்கி, ஒரே சைக்கிளை மாறி மாறி உபயோகிக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. கணவன் காலையில் ஆலைக்கும், மனைவி மாலையில் சந்தைக்கும் ஒரே வண்டியில் செல்லும் வீடும் உண்டு. அவரவர்க்கு உரிய உயரத்தைப் பில்லரின்மேல் வண்ணக் கோடுகளால் குறித்து வைத்தால், ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அரத்தால் கீறிக் குறிக்க வேண்டாம்; கீறிய இடத்தில் உலோகம் வலிமை குன்றும்.

நேயர்களே, ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்கிறவர் எத்தனையோ விஷயங்களில் அந்த ஊருக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உணவை மாற்றிக்கொள்கிறோம், பேச்சை மாற்றிக்கொள்கிறோம், குளிருக்கு ஏற்ப உடையை மாற்றிக்கொள்கிறோம். அவை எல்லாம் தக்கவையே. ஆனால் பிறருடைய காலுக்கு வைத்த ஆசனத்தில் நம் முழங்காலை மடக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மிதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு ஸ்பானர், சில துளி எண்ணெய், சரியான அளவுள்ள ஒரு பில்லர், ஒரு நாள் மாலைப்பொழுது: இவ்வளவே தேவை. பிறர் ஓட்டிக் கழித்த வண்டியாயினும், அன்று முதல் அது உங்களுக்கு அமைந்த வண்டி. நாளைக் காலையில் வேலைக்குப் புறப்படுமுன், பெடலின் மேல் குதிகாலை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.